மேசை இல்லாத வீட்டின் டேபிள் ரன்னர்

எட்டு மணி நேரம் ட்யூப்லைட்டுக்குக் கீழே
நின்றபடி குறை தேடுவது என் வேலை.
முடிச்சு, எண்ணெய்த் துளி, அரை நூல் விலகல்
கண்டால் சிவப்பு அம்பு ஒட்டி ஒதுக்குவேன்.
போன மாதம் அறுநூறு குஷன் உறை ஒதுக்கினேன்.
ஆர்டர்ச் சீட்டில் நிறத்தின் பெயர் 'ஈர மணல்'.
அமராவதியில் மணல் எந்த மாதம் ஈரமாகுமென்று
கடல்தாண்டி இருப்பவர்களுக்கு
யார் சொன்னார்களோ.

தண்டபாணிக்கு பஸ் கட்டுகிற பட்டறை.
வெறும் எலும்பாய் வரும் சேசிஸ்.
தகரம், ரிவிட், கண்ணாடி, சீட், கடைசியாக மணி.

வெங்கமேட்டில் ரெண்டு அறை ஒத்திக்குக் கிடைத்தது.
போனில் படம் காட்டினேன்:
வெள்ளைச் சுவர்
ஒற்றைக் கிளை வைத்த ஜாடி
யாருமே உட்கார்ந்திராத சோபா.
தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.
"கேஸ் சிலிண்டரை எங்க வெச்சிருக்காங்க?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை ட்ரில் சத்தம்.
கீழ்வீட்டு ருக்மணியக்கா நாலாவது தடவை மேலே வந்து
கதவோரம் நின்று, அப்படியே உள்ளே வந்து
காபி குடித்துவிட்டுப் போனார்.
அட்டாழி இல்லாத சுவரில் லக்கேஜ் ரேக் ஏறியது.
கிரைண்டர் தொட்டி, பொங்கல் பானை, என் கல்யாண ஆல்பம்
எல்லாம் ஊருக்குப் போகிற மாதிரி
மேலே சாய்ந்து கிடந்தன.
ஜன்னலுக்கு ரப்பர் வைத்த தள்ளுகண்ணாடி.
அவர் சட்டைப்பையில் கிடந்த ஸ்டிக்கரை
மிதுலா எடுத்து ஒட்டிவிட்டாள்,
கரம் சிரம் புறம் நீட்டாதீர்.
சோபாவுக்கு, ஆர்டர் ரத்தான மூவர் இருக்கை.
மெரூன் ரெக்சின்.

ஈர மணலும் மெரூனும்
சம்பந்தி வீட்டுச் சண்டை போட்டன.
பழுப்பு நூலில் ஓரம் தைத்து சமாதானம் செய்தேன்.
மிச்சம் ஒன்று, செகண்ட்ஸில் நாற்பது ரூபாய்க்கு எடுத்த
டேபிள் ரன்னர்.
பதினாலுக்கு எழுபத்திரண்டு இஞ்சு,
சாணிப்பச்சையில் வெள்ளைக் கட்டம்.
எங்களுக்கு மேசை இல்லை.
டிவி மேல் போட்டால் நழுவியது.
ஃபிரிட்ஜ் மேல் போட்டால்
மாப்பிள்ளைத் துண்டு மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கியது.

காங்கேயத்திலிருந்து நங்கையா வந்தார்.
நேரே ஜன்னலோரம் போனார்,
கம்பியைப் பிடித்தார், பையை மடியில் வைத்தார்.
வைத்த பை ஒரு மணி நேரம் மடியைவிட்டு இறங்கவில்லை.
"ஏங்கண்ணு, டவுன்ல இப்ப இதுதான் பேசனா?"
நான் பதில் தேடுவதற்குள்
தலை பின்னால் சாய்ந்து
நல்ல தூக்கம்.
தாராபுரம் ரோட்டில் தூங்குகிற தூக்கம்.

அவர் போன பிறகு பார்த்தேன்,
புதுச் சுண்ணாம்பில் தேங்காயெண்ணெய் வட்டம்,
ஒரு தலை அளவு.
ரன்னருக்கு இடம் கிடைத்துவிட்டது.
நாலு ரிவிட் அடித்து, தலைகள் சாய்கிற உயரத்தில்
சுவரோடு சுவராய்ப் பொருத்தினார் தண்டபாணி.
படத்தில் வருகிற வீடு மாதிரியே இருக்கிறதென்றேன்.
எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை.

ஆடிக்குள் அதிலும் மூன்று வட்டம்.
பெரிது, நடு, ரொம்பக் கீழே குட்டி ஒன்று.
பழக்கதோஷம், அம்பு ஒட்டினேன்.
"என்ன குறைங்க மேடம்?" என்றார்.
"எண்ணெய்க் கறை. லாட்டு முழுக்க."
"அப்பறம் திருப்பி அனுப்பு."
"எங்க அனுப்பறது?"
மிதுலா அம்பின் மூக்கைப் பிடித்து
ஜன்னல் பக்கமாய்த் திருப்பி ஒட்டினாள்.

கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.
குடத்தோடு மூவரும் ஓடினோம்.
காலி சீட்டில்
ரெக்சின் மெல்ல மூச்சிழுத்து நிமிரும் சத்தம்
படியிறங்கும் வரை கேட்டது.